இரண்டாம் பக்கம், முதல் பாட்டு

கால்டர் ஃபால்ஸ், ஓஹையோ
மே 15, 1988

அன்புத் தம்பி வென்டலுக்கு,

அக்கா எர்னஸ்டீன் எழுதுவது. எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. இங்கெரும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? ஸ்வீடனில் ஏப்ரலிலும் பனி என்று எழுதியிருந்தாய். ரொட்டி ஆலையில் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குளிர் எங்கே தெரியப்போகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேஸ்பால் பற்றி நீ கேட்கமாட்டாய். கேட்காவிட்டாலும் எழுதுவேன். நம் ஹெரன்ஸ் அணி இந்த வருஷமும் வழக்கம்போலத்தான். எறிகிறவர்களுக்குக் கை இல்லை, அடிக்கிறவர்களுக்குக் கண் இல்லை. நாரை என்று பெயர் வைத்ததற்கு ஒற்றைக்காலில் நின்றாவது காட்டலாம். புதிதாக லமார் ஈஸ்லி என்று ஒருவன் வந்திருக்கிறான், ஜார்ஜியாக்காரன், கறுப்பன், நம் ஆள். அவன் ஒருவன்தான் பார்க்கும்படி ஆடுகிறான். பத்திரிகையில் அவனைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பிறவியிலேயே வாய்த்த திறமை' என்கிறார்கள். டோபி என்கிற வெள்ளைக்காரப் பையன் பந்தைத் தவறவிட்டாலும் 'மூளையைப் பயன்படுத்தி ஆடும் உழைப்பாளி'. என் பஸ் மைதானத்தைத் தாண்டிப் போகும்போது ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே வெயிலில் தனியாக ஓடிக்கொண்டிருப்பவன் லமார்தான். உழைப்பாளி அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் ஒரு பெரிய அணியின் அதிகாரி டிவியில் உட்கார்ந்துகொண்டு, அணியை நடத்தத் தேவையான ஏதோ ஒன்று கறுப்பர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னாரே, அந்த ஏதோ ஒன்று என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மறுநாளே ஊரெல்லாம் அதிர்ச்சி. எனக்கு அதிர்ச்சி இல்லை. ஒரு மனிதர் மனதில் இருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மற்றவர்கள் டிவிக்கு வரவில்லை.

மைதானத்தில் உன் அத்தான் ஆல்வினுடைய சீட்டை நான் இன்னும் விடவில்லை. அவர் இறந்து மூன்று வருஷமாகியும் இரண்டு சீட்டுக்கும் பணம் கட்டுகிறேன். ஒன்றில் நான், ஒன்றில் என் கோட்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹப் கெஸ்லிங் உட்காருகிறார். அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்: ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரர், மனைவி இறந்துவிட்டாள், பேச ஆள் இல்லாததால் என்னோடு சண்டை போடுகிறார். பத்து வருஷமாக ராக் இசை பற்றித்தான் சண்டை. கிட்டார் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சும்மா சத்தம். இப்போது ரேடியோவில் வருகிற, தலைமுடிக்கு ஒரு மணி நேரமும் பாட்டுக்கு அரை மணி நேரமும் செலவழிக்கிற பையன்கள் மேல் இரண்டு பேருக்கும் ஒரே கோபம். டிரம்ஸ்காரனுக்குத் தனி ஆவர்த்தனம் தேவையா என்பதில் மட்டும் ஒத்துப்போகவே மாட்டோம். அந்த நேரம் மற்ற மூன்று பேர் பீர் குடிக்கப் போகலாம் என்பதைத் தவிர அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி.

ஹப்புக்கு இன்னொரு பழக்கம். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது வந்ததும் எழுந்துவிடுவார். கார் நிறுத்துமிடத்துக்கு இன்னமும் ஒரே வாசல்தான். ஆட்டம் முடிந்து போனால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அதனால் வாழ்க்கையில் ஒரு ஆட்டத்தின் முடிவையும் அவர் நேரில் பார்த்ததில்லை. "ரேடியோ எதுக்கு இருக்கு எர்னஸ்டீன்?" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

போன சனிக்கிழமை நம் ஆட்கள் மைதானத்துக்குள் ஓடி வரும்போது ஒலிபெருக்கியில் வழக்கமான ஆர்கன் இல்லை. ஒரு கிட்டார் வந்தது. இரண்டாவது சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் இசைத்தட்டு, இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. கையில் இருந்த சாசேஜ் ரொட்டியைக் கோட்டின் மேல் போட்டுவிட்டேன்.

ஹப்தான் காரணம். பழைய பொருள் கடையில் கூடைக்குள் கிடந்ததாம். அட்டையில் நம் மைதானத்தின் படம் இருக்கவே, பேஸ்பால் சம்பந்தப்பட்டது என்று வாங்கியிருக்கிறார். நினைவிருக்கிறதா? நான்கு கறுப்பு முகங்களை அட்டையில் போட்டால் கடைக்காரன் கறுப்பர் பாட்டு என்று சோல் பகுதியில் வைத்துவிடுவான், ராக் கேட்பவன் அந்தப் பக்கமே வரமாட்டான் என்று கம்பெனிக்காரர்கள் பயந்துபோய் மைதானத்தைப் போட்டார்கள். கடைக்காரர்கள் அதைப் பள்ளிக்கூட அணிவகுப்பு வாத்தியத் தட்டுகளோடு வைத்தார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து அந்த முட்டாள்தனத்துக்கு ஒரு பலன் கிடைத்திருக்கிறது. ஹப் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டு, ஆர்கன் வாசிக்கும் டார்லீனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"இந்த பேண்ட நான் ஒரு தடவை நேர்லயே கேட்டிருக்கேன்," என்றார். ஹப் எல்லாவற்றையும் நேரில் கேட்டவர், அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. யார் இவர்கள் என்று கேட்டேன், முகத்தை மைதானத்தின் பக்கம் வைத்துக்கொண்டு. "யாரோ நம்மூர்ப் பசங்க," என்றார். "கோவிச்சுக்காதீங்க, உங்க ஆளுங்களுக்குப் பாட்டு வரும், தாளம் வரும். ஆனா கிட்டார இப்படிக் கதற விடறது எங்க பசங்களாலதான் முடியும்."

உன் பெயரை இந்த ஊரில் எடுக்கக்கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய். நான் எடுக்கவில்லை. கோட்டைத் துடைத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா எர்னஸ்டீன்


கால்டர் ஃபால்ஸ்
ஜூலை 24, 1988

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. 'அப்படியா' என்று ஒரு வரி, மீதியெல்லாம் பனிச்சறுக்கு வண்டி. சரி. குழந்தையின் படம் நன்றாக இருந்தது. காது அப்படியே நம் அப்பாவுடையது, பாவம்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பஸ்ஸில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, பையன்கள் தோளில் சுமந்துவரும் பாட்டுப் பெட்டி மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அதில் வருகிற ராப் பாட்டே இல்லை, வெறும் பேச்சுதான் என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. நீ கிட்டாரை எடுத்தபோது சர்ச்சில் இருந்த எல்லாரும் இதையேதான் சொன்னார்கள்.

அட்லாண்டாவில் கட்சி மாநாடு முடிந்தது. நம் ஆள் ஒருவர் ஜனாதிபதி பதவிக்கு இவ்வளவு தூரம் போட்டியிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை என்றாலும். ஹப் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. பேசும்போது பாடுகிறாராம், பாடுகிறவரிடம் கஜானாவைக் கொடுக்கக்கூடாதாம். "அப்ப அவர எதிர்த்து நின்னவருக்குத் தூக்கத்துல பேசற வியாதி, அவருகிட்டக் கொடுக்கலாமா?" என்றேன். ஆனால் ஒன்று, பேச்சை முழுக்கக் கேட்டிருக்கிறார். எழுந்து போகவில்லை.

உன் பாட்டு இப்போது ஊர்ப்பாட்டு ஆகிவிட்டது. அது ஒலித்தால் மரப்பலகை அதிரக் காலால் தட்டுகிறார்கள். போன மாதம் லமார் நேரே டார்லீனிடம் போய், தான் மட்டையோடு வரும்போது அதைப் போடச் சொல்லியிருக்கிறான். அதுவரை டார்லீனுக்கு ஒரு வழக்கம் இருந்தது: வெள்ளைக்காரப் பையன் வந்தால் கிட்டார், நம் பையன் வந்தால் சோல், டொமினிக்கன் தீவுக்காரன் வந்தால் கொட்டு. கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பையனையும் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதில்லை, அவ்வளவுதான். லமார் போய்க் கேட்டதும் அசந்துபோனாளாம். "உனக்கா?" என்றாளாம். "ஏன், எனக்குக் காது இல்லையா?" என்றானாம்.

அந்தப் பாட்டோடு வந்து முதல் நாளே வேலிக்கு மேல் பந்தை அனுப்பினான். எல்லாரும் எழுந்தார்கள். ஹப் உட்கார்ந்தே இருந்தார். "நல்ல பையன்தான். ஆனா அந்தப் பாட்டு அவனுக்குப் பொருந்தலியே, எர்னஸ்டீன்," என்றார். பிடிவாதமாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். வாய் வரைக்கும் வந்துவிட்டது, வென்டல். வேர்க்கடலையைப் போட்டு மூடினேன்.

எனக்கு அவர்மேல் கோபமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ராக் நம் வீட்டுச் சமையலறையில் பிறந்த பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய் நல்ல சட்டை போட்டு வளர்த்தார்கள். இப்போது நாம் அதன் தலையைத் தடவினால், யார் பிள்ளையை யார் தொடுவது என்கிறார்கள். நம் ஆட்களும் அதைத் தங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார்களே, அதுதான் எனக்கு வருத்தம். நீ இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் நின்றாய்.

கிளப் ஆட்கள் தட்டின் நடுவில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு 'டபிள்யூ. டாலிவர்' என்பவரைத் தேடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில், சீசனின் முதல் ஆட்டம் முடிந்ததும், மைதானத்தின் நடுவில் மேடை போட்டு அவரை வாசிக்கச் சொல்லவேண்டுமாம். வெள்ளைக்காரர் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். டெலிபோன் புத்தகத்தில் டாலிவர் யாரும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்தார், நீ கடல் தாண்டிவிட்டாய், நான் ப்ரூயிட் ஆகிவிட்டேன். ஆள் கிடைக்காவிட்டால் கல்யாணங்களில் வாசிக்கும் ஒரு வெள்ளைக்கார பேண்டைக் கூப்பிட்டு அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லிவிடுவார்கள்.

அதே மைதானம், அதே இடம், ஆட்டத்துக்குப் பிறகு. உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுபத்தைந்தில் நானும் அங்கே இருந்தேன். ரேடியோவில் பாட்டைக் கேட்டுவிட்டு வந்த கூட்டம் ஸ்டாண்டு நிறைய உட்கார்ந்திருந்தது. நீங்கள் நான்கு பேரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினீர்கள். மேலே இருந்து ஒருவன் கத்தினான்: "வயர சீக்கிரம் மாட்டுங்கப்பா, பேண்டு எப்ப வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு நீங்கள் வாசிக்க ஆரம்பித்தீர்கள், அவர்கள் எழுந்துபோக ஆரம்பித்தார்கள். இரண்டாம் பக்கம் முதல் பாட்டுக்கு நீ வந்தபோது அந்த ஸ்டாண்டில் நானும் ஆல்வினும் துப்புரவுக்காரர்களும் இருந்தோம். நீ அதை முழுதாக வாசித்தாய். அதற்குப் பிறகு நீ கிட்டாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

அதனால் வா என்று நான் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் பெயரை நான் சொல்லலாமா? வேறு யாரோ வாசித்துக் கைதட்டு வாங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு முழங்கால் பலம் போதாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
எர்னஸ்டீன்


கால்டர் ஃபால்ஸ்
செப்டம்பர் 11, 1988

அன்புத் தம்பிக்கு,

'சொல்லிக்கொள், நான் வரமாட்டேன்' என்ற உன் கடிதத்துக்கு நன்றி. முதல் பாதிப்படி நடந்துவிட்டேன். இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

சீசன் முடிந்தது. கடைசியிலிருந்து இரண்டாவது இடம். லமாரை மேல்மட்ட அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். 'பிறவித் திறமை மேலே போகிறது' என்று பத்திரிகை எழுதியது. டோபி இங்கேயே இருந்து உழைப்பான்.

கடைசி ஆட்டத்தில்தான் ஹப்பிடம் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் லமார் வந்தான், பாட்டு வந்தது, ஊரே காலால் தட்டியது. ஹப் மறுபடியும் ஆரம்பித்தார், அந்த பேண்டுப் பையன்கள் இப்போது எங்கே இருப்பார்களோ, பாங்கில் வேலை பார்ப்பார்களோ என்னவோ என்று. "ஒருத்தன் ஸ்வீடன்ல ரொட்டி சுடறான்," என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். "என் தம்பி. வென்டல் டாலிவர். அந்தக் கிட்டாரக் கதற விட்டது அவன்தான். கோவிச்சுக்காதீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன், அல்லது பொய் என்பார் என்று. இரண்டும் இல்லை. அவர் முகத்தில் ஆச்சரியம் குறைவாகவே இருந்தது, அதை நான் கவனித்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் எல்லாரும் வழக்கப்படி எழுந்து நின்று பாடியபோது அவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "நான் நேர்ல கேட்டிருக்கேன்னு சொன்னேனே, அது இங்கதான். எழுபத்தஞ்சுல. நானும் என் பெண்டாட்டியும் ஆட்டம் முடிஞ்சப்புறம் பாட்டுக்குன்னே வந்திருந்தோம். நாலு பேரு வந்தாங்க. வயர் மாட்டற ஆளுங்கன்னு நெனச்சேன்."

கொஞ்சம் கழித்து அவரே, "இல்ல. முதல்ல அப்படி நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சுது. எல்லாரும் எழுந்தாங்க, நானும் எழுந்தேன்," என்றார்.

அதோடு விட்டிருந்தால் நான் கோட்டை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்த்திருப்பேன். பத்து வருஷமாக அதே வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தம்பி. ஆனால் அவர் முடிக்கவில்லை.

உனக்கும் எனக்கும் தெரியாத விஷயம் இதுதான், வென்டல். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து போனார்கள் அல்லவா? கார் நிறுத்துமிடத்துக்கு ஒரே வாசல் அல்லவா? யாராலும் நகர முடியவில்லை. ஆகஸ்ட் வெயில், எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. நீ காலி ஸ்டாண்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது ஊரே வெளியில் காருக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. இரண்டாம் பக்கம் முதல் பாட்டு வந்தபோது முன்னால் இருந்த ஒருவன் எஞ்சினை அணைத்தானாம். பிறகு அவனுக்கு முன்னால் இருந்தவன். ஹாரன் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்கிறார். ஹப் எதையும் கூட்டித்தான் சொல்வார், நீ பாதியைக் கழித்துக்கொள். மீதி பாதியே போதும்.

"என் பெண்டாட்டி சொன்னா, 'பேண்டு வந்துடுச்சு போலிருக்கு'ன்னு," என்றார் ஹப். "நானும் ஆமான்னு சொன்னேன். வண்டிய விட்டு இறங்கி உள்ள வந்து பாத்திருக்கலாம். வாசல்ல இருந்து எவ்வளவு தூரம் எர்னஸ்டீன்? பாக்கல. பாத்தா என்ன தெரியும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பாக்கல."

அந்தத் தட்டை அவர் அட்டைப் படத்துக்காக வாங்கியது உண்மை. ஆனால் கூடையிலிருந்து எடுத்து, கடையில் இருந்த இயந்திரத்தில் போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டதும் இன்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெள்ளைக்காரப் பையன்கள் என்றே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வயதில் ஒரு மனிதர் ஒன்றைத் தெரிந்துகொண்டே தெரியாமல் இருக்கமுடியும் என்பதைப் பார்த்தேன். அவரை மன்னித்தேனா என்று கேட்காதே, இன்னும் யோசிக்கிறேன். வேர்க்கடலையை மட்டும் வழக்கம்போல நடுவில் வைத்தேன்.

எட்டாவது இன்னிங்ஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. ஒன்பதாவதும் ஆடி, நாம் கேவலமாகத் தோற்று, விளக்கை அணைக்கும்வரை உட்கார்ந்திருந்தார். "தோத்தா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். ரேடியோவில் தெரியாது என்றேன்.

மறுநாள் நான் கிளப் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சொன்னேன். மேனேஜர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தட்டின் அட்டையைப் பார்த்தார், பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார். அவர் என்ன கணக்குப் போட்டார் என்று எனக்குப் புரிந்தது. நல்ல வேளை, டார்லீன் அங்கேயே நின்றிருந்தாள். "அவரோட படத்தத்தான் இந்தத் தடவ சுவரொட்டியில போடணும், மைதானத்த எல்லாரும் பாத்தாச்சு," என்றாள். மேனேஜர் சரி என்றார். கல்யாண பேண்டுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். விமான டிக்கெட் கிளப் பொறுப்பு. உனக்குத் தனிக் கடிதம் வரும்.

நீ வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் வற்புறுத்தமாட்டேன். இங்கே எதுவும் பெரிதாக மாறிவிட்டது என்றும் சொல்லமாட்டேன், பத்திரிகையைப் படிக்கிறேனே. வந்தால் கூட்டம் எழுந்து போகாது என்று என்னால் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் நீ பதின்மூன்று வருஷமாகக் காலி ஸ்டாண்டுக்கு வாசித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பொய் என்று தெரிந்த பிறகு உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரலுக்கு ஆல்வினுடைய சீட்டிலிருந்து கோட்டை எடுத்துவிடுகிறேன். இங்கெர் உட்காரட்டும், குழந்தை என் மடியில். ஹப்பும் வருகிறார். காரில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். நானும் அவரும் ஆறாம் நம்பர் பஸ்ஸில் வருகிறோம். ஆட்டம் முடிந்த பிறகு அடுத்த பஸ் வெகுநேரம் கழித்துத்தான், அட்டவணை எனக்கு மனப்பாடம். அவர் எழுந்து போவதற்கு இடமே கிடையாது.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் சுகமாக வைத்திருக்கட்டும். குளிர்காலம் வருகிறது, ஜாக்கிரதை. அடுப்பிலிருந்து தட்டை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள், தம்பி. விரல்களைச் சுட்டுக்கொள்ளாதே.

என்றும் அன்புள்ள அக்கா,
எர்னஸ்டீன் டாலிவர் ப்ரூயிட்